மரக்காணத்து வெளிநாட்டுக்காரி

நான் இங்கிலாந்தில் பிறந்தவள் என்பது எங்கள் வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத விஷயம். எதிர்வீட்டுப் பெண் திண்டிவனம் போகும் பஸ்ஸில் பிறந்தாள். நான் இங்கிலாந்தில் பிறந்தேன். அவள் கதைதான் தெருவில் அதிகம் பேசப்படும்.

அத்தா கப்பலில் சமையல்காரராக இருந்தவர். இங்கிலாந்தின் வடக்கே ஒரு துறைமுக ஊரில் கரையிறங்கி, அங்கேயே ஒரு கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மாவை அழைத்துக்கொண்டார். மறுவருஷம் நான் பிறந்தேன். எனக்கு இரண்டு வயது முடிவதற்குள் மூட்டை கட்டிக்கொண்டு மரக்காணத்துக்கே திரும்பி வந்து, மெயின் ரோட்டில் அரிசிக்கடை வைத்தார்கள். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. என்னைச் சுற்றி எடுத்துவந்த கம்பளி மட்டும் எங்கள் ஊர் வெயிலில் வேறு எதற்கும் உதவாமல் கிரைண்டருக்கு மூடியாகக் கிடந்தது. நான் காலேஜில் படிக்கும்போது அத்தா மவுத்தாகிவிட்டார். அதற்குப் பிறகு அந்த ஊரின் பெயரைச் சொல்லவும் வீட்டில் ஆள் இல்லை.

சுனாமி வந்துபோன அடுத்த மாதம் இது தொடங்கியது. நான் அப்போது ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பெல்லாம் நின்றுபோயிருந்தது. ஆரோவில் பக்கமிருந்து வெளிநாட்டு நர்சுகள் இரண்டு பேர் தினமும் வேனில் வந்து மீனவக் குப்பங்களில் காயத்துக்குக் கட்டுப்போட்டார்கள், மருந்து கொடுத்தார்கள். அவர்கள் பேசுவதைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும் என்றார்கள். எனக்கு இங்கிலீஷ் வரும் என்பதால் நான் போனேன்.

மூன்று வாரம் கூடவே அலைந்ததில் அவர்களில் ஒருத்தியோடு நல்ல பழக்கமாகிவிட்டது. என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. ஒருநாள் மத்தியானம் வேன் நிழலில் உட்கார்ந்து எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். அவள் தன் ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது என் அத்தா வேலை பார்த்த ஊரிலிருந்து ஒரு மணி நேர தூரம்தான் என்று தெரிந்தது. நான் பேச்சோடு பேச்சாக, "நான் அங்கதான் பிறந்தேன்" என்றேன்.

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"அங்கேன்னா, அந்த ஊர் ஆஸ்பத்திரியிலயா?"

"ஆமாம்."

"எந்த வருஷம்?"

சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள். எண்பத்து மூன்றுக்கு முன்னால் அந்த நாட்டில் பிறந்தவர்கள், தூதரகக் குடும்பங்களைத் தவிர, எல்லோருமே அந்த நாட்டுக் குடிமக்கள்தான், அப்பா அம்மா யாராக இருந்தாலும் பரவாயில்லை என்றாள். "நீ என்னை மாதிரியேதான். உன்கிட்ட பாஸ்போர்ட் மட்டும்தான் இல்ல."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பர்சிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு எடுத்து என் முழுப்பெயர், அத்தா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி எல்லாம் எழுதி வாங்கிக்கொண்டாள். அடுத்த வாரம் ஊருக்குத் திரும்பப்போவதாகவும், போனதும் பிறப்புச் சான்றிதழ் எடுத்து அனுப்புவதாகவும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போகவில்லை. நேராக உப்பளத்துக்கு நடந்தேன். என் வீட்டுக்காரர் அங்கேதான் இருந்தார். ஐந்து வருஷம் ஷார்ஜாவில் மெக்கானிக்காக இருந்துவிட்டு எங்கள் நிக்காஹ்வுக்கு ஊர் வந்தவர், திரும்பிப் போகவில்லை. உப்பளங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சின்களை ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனபோது ஒரு எஞ்சின் புகைவிட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது, இவர் அதன் மேல் குனிந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நான் வெள்ளைக்காரியாம்."

"என்ன வெள்ளை?"

"வெள்ளைக்காரி. இங்கிலாந்து."

"இங்க எல்லாம் வெள்ளையாத்தான் இருக்குது. என்ன வேணும் சொல்லு."

"மொதல்ல அந்த எஞ்சினை நிறுத்துங்க."

நிறுத்தினார். நான் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் கிரீஸ் கையை வேஸ்ட் துணியில் விரல் விரலாகத் துடைத்தார். பிறகு கேட்டார்: "உனக்குச் சரி. எனக்கு?"

"பொண்டாட்டி கூட புருஷன் போகலாமாம். விசா தருவாங்களாம்."

எங்கள் தெருவில் பதினோரு வீட்டு ஆண்கள் வளைகுடாவில் இருந்தார்கள். புருஷன் போவான், பொண்டாட்டி போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், அதுதான் வழக்கம். அவர் மறுபடி ஷார்ஜா போய் நாங்களும் அப்படிப் பிரிய வேண்டியிருக்குமோ என்று இரண்டு பேருமே உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அவர் சைக்கிளை எடுத்து, "ஏறு, மாமியைப் பார்த்துட்டு வரலாம்" என்றார்.

அம்மா என் தம்பி குடும்பத்தோடு அடுத்த தெருவில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முறத்தில் இருந்த பருப்பைத் தள்ளி வைத்துவிட்டு, "அதெல்லாம் பழைய கதை. இப்ப எதுக்கு?" என்றார்.

"ஏதாச்சும் பேப்பர் இருக்குதாம்மா? உங்க பாஸ்போர்ட்டு?"

"எங்கேயோ போட்டுட்டேன்."

நான் மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். நான்காவது நாள் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா பீரோவைத் திறந்து, நிக்காஹ் புடவைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். உள்ளே அவருடைய பழைய இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. அந்தக் காலத்தில் குழந்தைக்குத் தனியாகப் பாஸ்போர்ட் எடுக்காமல் தாயின் பாஸ்போர்ட்டிலேயே எழுதிவிடுவார்களாம். குழந்தைகள் பக்கத்தில் நீல மையில் என் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர். பக்கத்தில் முத்திரை.

"இவ்ளோ நாளா ஏம்மா காட்டல?"

அம்மா பீரோ கதவைச் சாத்திவிட்டு அதையே பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னாலதான்டி திரும்பி வந்தோம். உங்க அத்தா வரமாட்டேன்னாரு. பேச ஆள் கிடையாது, ஜன்னலைத் தொறந்தா பனி. தெனமும் அழுவேன். கடைசியில என் முகத்தைப் பார்க்க முடியாம டிக்கெட் எடுத்தாரு. நீ வளர்ந்து ஒருநாள் கேப்பே, ஏம்மா என்னை அங்கேயே வளர்க்கலைன்னு. அதான் உள்ளே வெச்சேன்."

அப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. அம்மாவின் தோளைப் பிடித்து உட்கார வைத்து, "நீங்க திரும்பி வராம இருந்தா நான் இவரை எப்படிம்மா கட்டியிருப்பேன்?" என்றேன். வாசலில் நின்ற மருமகனை எட்டிப் பார்த்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எங்களை விட அவருக்குத்தான் அவசரம். தினமும் தம்பியை அனுப்பி, "லெட்டர் வந்துச்சான்னு கேட்டுட்டு வா" என்பார்.

லெட்டர் ஏப்ரலில் வந்தது. நர்ஸ் சொன்ன சொல் காப்பாற்றினாள். நீளமான, சிவப்புக் கோடுகள் போட்ட காகிதம். தகப்பன் தொழில் என்ற இடத்தில் சமையல்காரர் என்று இருந்தது. அம்மாவின் பெயரில் ஒரு எழுத்து அதிகமாக இருந்தது. அத்தாவின் கையெழுத்து கீழே இருந்தது. அரிசிக்கடை பில்லில் போடுவாரே, அதே கையெழுத்து, கடைசி எழுத்தை இழுத்து அடியில் ஒரு கோடு. நான் அதை வீட்டுக்குள் வைத்துப் படிக்க முடியாமல் தெருவுக்கு வந்து வெளிச்சத்தில் படித்தேன்.

ஆனால் அந்தக் காகிதத்தோடு ஒரு சிக்கலும் வந்தது. அதன்படி நான் நவம்பரில் பிறந்தவள். என் பள்ளிச் சான்றிதழ்படி ஜூன் முதல் தேதி, அதுவும் மரக்காணத்தில். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது சில மாதம் போதாமல் இருந்ததால், தலைமையாசிரியர் ஒரு தேதியைத் தானே போட்டு, இங்கிலாந்து என்று எழுதினால் மேலே கேள்வி வரும் என்று ஊரையும் மாற்றிவிட்டாராம். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூன் முதல் தேதிதான் பிறந்தநாள். பேரிலும் வித்தியாசம். அங்கே அத்தாவின் பெயர் என் பெயருக்குப் பின்னால் முழுசாக இருந்தது, இங்கே முன்னால் ஒற்றை எழுத்தாக இருந்தது. மொத்தத்தில் காகிதத்தில் நான் இரண்டு பெண்கள்.

எல்லாக் காகிதத்தையும் வைத்துப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். ஜூலையில் சென்னையில் இருந்த பிரிட்டிஷ் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். விடிவதற்கு முன்பே கிளம்பி, இ.சி.ஆர். பஸ்ஸில் நானும் அம்மாவும் போனோம். அம்மா பெருநாளுக்கு எடுத்த புடவை கட்டியிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி உட்கார்ந்திருந்தார். இரண்டு தேதிகளையும் பேனாவால் தொட்டுக் காட்டி, எது உண்மை என்றார்.

தலைமையாசிரியர் கதையை இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் தடுமாறிவிட்டேன். அப்போது அம்மா என்னைக் கையால் ஒதுக்கிவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் வந்து தமிழில் பேசினார்.

"எம்மா, பெத்தவ நான் சொல்றேன். நவம்பர் மாசம். நோன்பு முடிஞ்சு ரெண்டு நாள் முன்ன பின்ன. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள கீழ் வீட்டு அம்மாதான் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. வழியெல்லாம் மழை. ஆஸ்பத்திரியில டீயில பால் ஊத்திக் குடுத்தாங்க, சக்கரை போடலை. இதையெல்லாம் நான் எதுக்கு இட்டுக்கட்டணும்?"

பக்கத்தில் இருந்த தமிழ் ஊழியர் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தார். அந்தப் பெண்மணி அம்மாவின் பாஸ்போர்ட்டில் நீல மை எழுத்தை மறுபடி பார்த்தார். மேலும் சில கேள்விகள் கேட்டு, எங்கள் பழைய குடும்பப் புகைப்படத்தை வாங்கி வைத்துக்கொண்டார். அம்மாவிடம் ஏதோ சொன்னார். ஊழியர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "டீக்கு சக்கரை போடாததுக்கு மன்னிப்பு கேட்டுக்கறாங்க."

பாஸ்போர்ட் செப்டம்பரில் கூரியரில் வந்தது. கருஞ்சிவப்பு அட்டை. எங்கள் தெருவே வந்து தொட்டுப் பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரர் அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பக்கத்துக்குப் பக்கம் உள்ளே தெரிந்த படங்களை எல்லோருக்கும் காட்டினார். என் பெயருக்கு எதிரே பிறந்த இடம் என்று அந்தத் துறைமுக ஊர் இருந்தது. நான் அதை எத்தனை தடவை திறந்து பார்த்தேன் என்று என் வீட்டுக்காரர் எண்ணிக் கேலி செய்தார். அவரும் நான் குளிக்கப் போகும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அதற்கப்புறம்தான் தெரிந்தது, அந்தப் பாஸ்போர்ட் கைக்கு வந்த நாளிலிருந்து மரக்காணத்தில் நான் அந்நிய நாட்டுக்காரி. ரேஷன் கார்டிலிருந்து என் பெயரை நீக்க வேண்டும். விழுப்புரத்தில் போலீஸ் ஆபீஸில் போய் வெளிநாட்டவர் என்று பதிவு செய்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நாட்டை விட்டு வெளியே விடமாட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் போனோம். அதற்கான மேஜையில் ஒரு வயதான ஏட்டு ஐயா பெரிய நோட்டைத் திறந்து வைத்திருந்தார்.

"ஃபாரினரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்களா?"

"ஆமாங்க சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

"எங்க? வண்டியில இருக்காங்களா?"

"நான்தாங்க சார்" என்றேன்.

அவர் என் தலைமுக்காட்டையும் கையில் இருந்த சாப்பாட்டுக் கூடையையும் பார்த்தார். பாஸ்போர்ட்டைப் பார்த்தார். "தமிழ் நல்லா பேசறீங்களே" என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. பிறகு அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்து மேஜைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நோட்டில் என் பெயருக்கு மேலே யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர், கீழே காலியாக இருந்தது. 'எப்போது இந்தியா வந்தீர்கள்' என்ற கட்டத்தில் அம்மாவின் பாஸ்போர்ட்டில் இருந்த முத்திரைத் தேதியை எழுதினார். 'எத்தனை நாள் தங்கியிருக்கிறீர்கள்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டு விரல்விட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தார்.

இனி என் வீட்டுக்காரருக்கு விசா. அங்கே போய் எங்கே தங்குவீர்கள், எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று காட்ட வேண்டும். அத்தாவோடு கப்பலில் வேலை பார்த்த ஒருவர், நாங்கள் சாச்சா என்று கூப்பிடுபவர், அதே ஊரில் மளிகைக்கடை வைத்திருந்தார். பெருநாளுக்குப் பெருநாள் அம்மாவுக்குப் போன் செய்பவர். அவரிடம் கேட்டபோது, "உங்க அத்தா இல்லாத நேரத்துல நீ கேக்கணுமா? கடை மாடியில ரூம் சும்மாத்தான் இருக்குது, கடையில எனக்கும் ஆள் வேணும்" என்று மறுவாரமே கடிதம் அனுப்பிவிட்டார்.

விண்ணப்பத்தை நாங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நிரப்பினோம். நான் படிக்க, அவர் எழுதினார். 'ஸ்பான்சர் பெயர்' என்ற இடம் வந்ததும் அவர் பேனா நின்றது.

"இங்க யார் பேரு?"

"என் பேருதான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஷார்ஜாவில் அவருக்கு ஸ்பான்சராக இருந்த அரபி, வந்திறங்கிய அன்றே பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் பூட்டியவர். மூன்று வருஷம் கழித்து இவருடைய அத்தா மவுத்தான சேதி வந்தபோது அந்தப் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்க ஒன்பது நாள் ஆனது. அதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது.

"அப்ப இனிமே நீதான் என் கஃபீல்" என்றார். அரபு நாட்டில் ஸ்பான்சருக்கு அதுதான் பெயர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் என் பெயரை எழுதும்போது ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிறுத்தி எழுதினார். அவருடைய பாஸ்போர்ட்டை எடுத்து அவர் சட்டைப்பையிலேயே வைத்தேன். "இது உங்ககிட்டயேதான் இருக்கும்" என்றேன். அவர் பையின் மேல் கையை வைத்துக்கொண்டு மிச்சத்தை எழுதினார்.

ஜனவரியில் அவருக்கு நேர்காணல். என்னை உள்ளே விடவில்லை. எதிர்ப்புறத்து மரத்தடியில் நின்றேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். முகம் சுண்டியிருந்தது.

"கெடுத்துட்டேன்."

"என்ன ஆச்சு?"

"உங்க வைஃப் பிறந்தநாள் என்னைக்குன்னு கேட்டாரு. நான், எது சார், ஸ்கூல்ல போட்டதா, நெஜமானதான்னு கேட்டுட்டேன்."

"அய்யோ. அப்புறம்?"

"ரெண்டும் சொல்லுங்கன்னாரு. ரெண்டும் சொன்னேன். எதைக் கொண்டாடுவீங்கன்னாரு. எங்க வீட்டுல எதையும் கொண்டாடறதில்லைங்க, ஆனா நவம்பர்ல ஒரு பிரியாணி வாங்குவேன்னேன். எழுதிக்கிட்டாரு. என்ன வேலைன்னு கேட்டாரு. பேச்சுல சொல்ல வரலை, அவர் பேனாவை வாங்கி எஞ்சின் படம் போட்டுக் காட்டினேன்."

பஸ்ஸில் மரக்காணத்துக்குத் திரும்பினோம். கோவளம் தாண்டி, கல்பாக்கம் தாண்டி, ஜன்னல் பக்கம் உப்புக் காற்று அடிக்க ஆரம்பித்தபோது அவர் மெதுவாக, "கிடைக்கலைன்னா நீ மட்டும் போவியா?" என்றார். "போகமாட்டேன்" என்றேன். யோசிக்காமலேதான் சொன்னேன். சொன்ன பிறகும் அதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

பதினெட்டு நாள் கழித்துக் கவர் வந்தது. அவர் உப்பளத்தில் இருந்தார். நான் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு ஓடினேன். வரப்பில் ஓடக்கூடாது, வழுக்கும், எனக்குத் தெரியும், ஆனாலும் ஓடினேன். அவர் கையெல்லாம் கிரீஸ், அதனால் நான்தான் பிரித்தேன். பாஸ்போர்ட்டில் விசா ஒட்டியிருந்தது. அவர் பார்த்துவிட்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் ஒருத்தி, "அண்ணி, அந்த ஊர்ல எஞ்சின் ரிப்பேர் ஆனா இனிமே அவங்களுக்குக் கவலையில்ல, நமக்குத்தான் கவலை" என்றாள்.

மே மாதம் கிளம்பினோம். நினைவு தெரிந்து அதுவரை நான் ஃப்ளைட்டைத் தலைக்கு மேலேதான் பார்த்திருக்கிறேன். அவருக்குப் பழக்கம், அதனால் பெல்ட் போடுவதிலிருந்து எல்லாவற்றையும் எனக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தார். இறங்கியதும் இரண்டு வரிசைகள். என் பாஸ்போர்ட்டுக்கு ஒன்று, அவருடையதற்கு ஒன்று. என் வரிசையில் பத்துப் பேர்தான். அவருடையது வளைந்து வளைந்து கதவு வரை போனது. நான் அவர் வரிசையிலேயே நின்றேன். முக்கால் மணி நேரம். எங்கள் முறை வந்ததும் அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் பார்த்து, "நீங்க அந்தப் பக்கமே போயிருக்கலாமே" என்றார். "இவரோட வந்தேன்" என்றேன். அவர் முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

சாச்சா ரயில் நிலையத்தில் காத்திருந்தார். கடை மாடியில் அறை, ஒரு ஜன்னல், சூடேற்றும் பெட்டி ஒன்று. மறுநாளே நான் கடையில் நின்றேன். அந்த ஊர்க்காரர்கள் பேசும் இங்கிலீஷ் நான் படித்த இங்கிலீஷ் இல்லை. ஒரு பாட்டம் தலையாட்டிச் சமாளித்துவிட்டு, அவர்கள் போன பிறகு சாச்சாவிடம் அர்த்தம் கேட்பேன். என் வீட்டுக்காரருக்கு ஏழு வாரத்தில் மீன்பிடிப் படகுகளை ரிப்பேர் பார்க்கும் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. முதல் நாள் போய்விட்டு வந்து, "ஒரு வார்த்தை புரியலை. எஞ்சின் சொன்னது மட்டும் புரிஞ்சுது" என்றார்.

முதல் சனிக்கிழமை அவருக்கு அரை நாள் லீவு. எங்களுக்கு வாங்க ஒன்றுமில்லை, பார்க்க யாருமில்லை. கடை வாசலில் வந்து நின்ற மாடி பஸ்ஸில் ஏறினோம். மேலே முன்வரிசை காலியாக இருந்தது. முன்னால் முழுக்கக் கண்ணாடி. மரக்கிளைகள் கண்ணாடியில் வந்து தட்டிவிட்டுப் போயின, ஒவ்வொரு தடவையும் நான் தலையைக் குனிந்தேன், அவர் சிரித்தார். கடைசி நிறுத்தத்தில் டிரைவர் மேலே எட்டிப் பார்த்து, எல்லோரும் இறங்க வேண்டும் என்றார். எங்கே போகிறீர்கள் என்றும் கேட்டார்.

"எங்கேயும் இல்ல" என்றேன். "சும்மா."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு, ஐந்து நிமிஷத்தில் வண்டி திரும்பும், அங்கேயே உட்கார்ந்திருங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.